ஆனி அடுப்புக்குத் தை வெயில்

மாசி மாதத்துப் பூர நட்சத்திர நாளில் திருவனந்தபுரம் அடுப்புகளின் நகரமாகிவிடுகிறது. ஆற்றுக்கால் பகவதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மட்டுமன்றி, மணக்காடு, கிழக்குக்கோட்டை, தம்பானூர் எனப் பல கிலோமீட்டர் தொலைவுக்குச் சாலையோரமெங்கும் மூன்று செங்கல் கூட்டிய அடுப்புகள் வரிசையாக எழுகின்றன. கருவறையிலிருந்து எடுத்துவரும் தீ, பண்டார அடுப்பு எனப்படும் முதல் அடுப்பில் ஏற்றப்படுகிறது. அங்கிருந்து அது ஓர் அடுப்பிலிருந்து மற்றோர் அடுப்புக்குக் கைமாறி நகரெங்கும் பரவுகிறது. 1997ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று 15 இலட்சம் பெண்களும், 2009ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று 25 இலட்சம் பெண்களும் இங்குப் பொங்கலிட்டதாகக் கின்னஸ் சாதனை நூல் பதிவு செய்திருக்கிறது. மதுரையை நீங்கிச் சேரநாடு நோக்கி நடந்த கண்ணகியே இங்கு எழுந்தருளியிருக்கிறாள் என்பது நெடுநாள் நம்பிக்கை. ஆதலால் தமிழகத்திலிருந்தும் பெண்கள் திரளாக வந்து சேர்கின்றனர்.

அந்தக் கூட்டத்தினூடே நடந்தால் ஒன்றைக் காணலாம். ஒரே அரிசி, ஒரே வெல்லம், ஒரே அளவு மண்கலம். ஆயினும் ஓர் அடுப்பில் தீ தெளிவாக எழுந்து கலம் விரைவில் பொங்கி வழிகிறது. அடுத்த அடுப்பில் புகை மட்டுமே சூழ, கண்ணைக் கசக்கியபடி ஒருவர் ஊதிக்கொண்டே இருக்கிறார். வேறுபாடு பெரும்பாலும் கைத்திறனில் இல்லை. முன்னவர் கொண்டுவந்த மட்டையும் கொதும்பும் பல வாரம் வெயில் கண்டவை. பின்னவர் அன்று காலையில் அவசரமாக வாங்கிய கட்டு இன்னும் ஈரம் விடாதது.

சமையல் எரிவாயு எங்கும் வந்துவிட்ட காலத்தில் விறகைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். திருவனந்தபுரத்து வீடுகளின் பின்புறத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். நெடுநேரம் வேகவேண்டிய குத்தரிசிச் சோறு, முதியோருக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் மூலிகை இட்டுக் காய்ச்சும் குளியல் வெந்நீர், விசேட நாட்களின் பாயசம் ஆகிய இவையெல்லாம் இன்னும் பல வீடுகளில் விறகடுப்பையே நம்பியிருக்கின்றன. வளாகத்தில் நான்கு தென்னை இருக்கும் வீட்டில் எரிபொருள் தானாகவே விழுந்து கிடக்கிறது. அதை நெருப்புக்கு ஏற்றதாக்கும் வேலை மட்டுமே நம்முடையது. அவ்வேலை அடுப்பு மூட்டும் நாளில் தொடங்குவதன்று. அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே தொடங்குகிறது.

எங்கள் வீட்டில் நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் வைகாசி இறுதியில் எங்கள் வீட்டில் ஒரு விசேடம் வந்தது. கொல்லையில் பந்தலிட்டு விறகடுப்பில் சமைப்பதென முடிவாயிற்று. விறகைப் பற்றி நாங்கள் எண்ணியது அதற்கு முந்திய வாரத்தில்தான். வண்டியில் வந்து இறங்கிய விறகு கனமாக இருந்தது; எடைக்கு எடை சரியாக இருக்கிறதென்று மகிழ்ந்தோம். விசேட நாளன்று மழையும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் வைத்த கட்டைகளின் முனையில் நீர் நுரைத்து வடிந்தது. பந்தலுக்குள் புகை தேங்கி நின்றது. சோறு வடிக்கும்போது பகல் இரண்டு மணி கடந்துவிட்டது. அது விருந்தினர் பொறுத்துக்கொள்ளக்கூடிய தாமதந்தான். ஆனால் அதிகாலை முதல் அடுப்பருகே நின்ற எங்கள் பெரியம்மாவுக்கு அன்றிரவு தொடங்கிய இருமல் நிற்க மூன்று வாரம் ஆயிற்று. ஈர விறகுக்குரிய விலையை நாங்கள் பணமாகக் கொடுத்தோம். அவர் மூச்சாகக் கொடுத்தார்.

அதன்பின்னரே விறகை உலர்த்துவது என்பது என்னவென்று முறையாகக் கேட்டும் படித்தும் செய்துபார்த்தும் அறிந்துகொண்டோம். இங்குச் சொல்பவை அவ்வாறு கற்றவையே.

விறகுக்குள் இருக்கும் நீர்

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி வரை நீராக இருப்பதுண்டு. நன்கு உலர்ந்த விறகில் அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். கணக்கு எளிது. பாதி நீருள்ள 100 கிலோ பச்சை விறகை எடைக்கு வாங்கினால், நாம் வாங்குவது 50 கிலோ மரமும் 50 கிலோ நீரும். அதே விறகு 20 விழுக்காடு ஈரம் வரை உலர்ந்தால் அதன் எடை 62 1/2 கிலோ. இடையிலுள்ள 37 1/2 கிலோ நீருக்கும் நாம் மரத்தின் விலையையே கொடுத்திருக்கிறோம்.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் வேண்டும். உலர்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோகலோரி தரும். ஆக, 50 கிலோ நீரை விரட்டுவதற்கு மட்டும் ஏறக்குறைய 7 கிலோ மரத்தின் வெப்பம் செலவாகிறது. அந்த வெப்பம் பானையைத் தொடுவதேயில்லை.

இவற்றினும் பெரிய இழப்பு புகை. மரம் சூடாகும்போது முதலில் அதிலிருந்து வாயுக்கள் வெளிப்படுகின்றன. நாம் காணும் சுடர் பெரிதும் அவ்வாயுக்கள் எரிவதுதான். அவை முற்றும் எரிய ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் அடுப்பில் அந்த வெப்பம் எட்டுவதில்லை. எரியாத வாயுக்கள் புகையாகவும் கரியாகவும் வெளியேறுகின்றன. வானத்தில் கலையும் புகை ஒருவகையில் எரியாமல் போன விறகே. எனவே ஈர விறகை வாங்குபவர் நீருக்கு விலை கொடுக்கிறார். அந்நீரை விரட்ட விறகைச் செலவிடுகிறார். எஞ்சியதிலும் ஒரு பகுதியைப் புகையாக இழக்கிறார்.

நாட்காட்டியில் ஒரு சிறு இடைவெளி

திருவனந்தபுரத்துக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளக் கரையை அடைகிறது. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி, கார்த்திகையில் துலாமழை எனப்படும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. பங்குனி பிறந்தபின் மாலைநேர இடிமழைக்கும் குறைவில்லை. ஆக, மார்கழியின் பிற்பகுதி முதல் மாசி முடியும் வரையிலான இரண்டரை மாதமே விறகுக்கு உரிய உறுதியான வெயில்.

ஆற்றுக்கால் பொங்காலை அந்த இடைவெளியின் இறுதியில் வருகிறது. விழா விறகை எண்ணி அமைந்ததன்று. ஆயினும் ஆண்டின் விறகு மிகவும் உலர்ந்திருக்கும் நாட்களில் இத்தனை இலட்சம் அடுப்புகள் எரிவது ஊருக்கு நன்மையே.

தை பிறந்ததும் பிளந்து அடுக்கிய விறகு மாசி முடிவதற்குள் எரிக்கத் தக்கதாகிவிடும். சித்திரையில் வெட்டிய விறகுக்கு அந்த வாய்ப்பில்லை. ஆனி மாதத்துக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. அக்காற்று விறகிலிருந்து நீரை வாங்கிக்கொள்ளாது. மாறாக, உலர்ந்த விறகையும் வெளியே விட்டால் அது காற்றின் ஈரத்தைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும்.

பிளப்பதும் அடுக்குவதும்

மரத்துக்குள் நீர் செல்லும் வழி அதன் நார்களின் நீளவாக்கிலேயே இருக்கிறது. உயிருடன் இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீரேற்றிய அந்தக் குழாய்களே, வெட்டியபின் ஈரம் வெளியேறும் வாயில்களாகின்றன. ஆதலால் நீளமான கட்டையினும் குட்டையான கட்டை விரைவில் உலரும். ஒரு முழத்துக்கு மிகாமல் அறுப்பது நன்று. மரப்பட்டை நீரைக் காப்பதற்கென்றே இயற்கை போர்த்திய உறை; உருளையாக விட்ட கட்டை அதனுள்ளேயே ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கும். கைப்பருமனுக்கு மேற்பட்ட எதையும் கோடரியால் பிளந்துவிட வேண்டும். பிளந்த முகத்தில் வெயிலும் காற்றும் படும். பச்சையாக இருக்கும்போதே பிளப்பது பெரும்பாலான மரங்களில் எளிது. காய்ந்து இறுகியபின் கோடரி துள்ளும்.

அடுக்கும் முறை இவ்வாறு இருக்கட்டும்:

முதலாவதாக, விறகு மண்ணைத் தொடக்கூடாது. செங்கல் வரிசையின்மேல் இரண்டு கழிகளைக் கிடத்தி, அவற்றின்மேல் அடுக்கினால் அடியில் காற்று ஓடும். கரையானும் எளிதில் ஏறாது.

இரண்டாவதாக, வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்கக்கூடாது. ஒரு சாண் இடைவெளியேனும் வேண்டும். காற்றுக்காக மட்டுமன்று, விறகு அடுக்கின் இருளில் பாம்பும் தேளும் தங்கும் என்பதை முன்னோர் நன்கறிவர். எடுக்கும்போது கையை உள்ளே விடாமல், மேலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பதே முறை.

மூன்றாவதாக, மேலே மட்டும் கூரை வேண்டும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். நெகிழித் தார்ப்பாயால் முழுவதும் மூடினால் வெளியேறும் ஈரம் உள்ளேயே வியர்த்து விறகு பூசணம் பிடிக்கும். ஒரு பழைய தகரத்தை மேலே சாய்வாக வைத்துக் கல்லேற்றினால் போதும்.

நான்காவதாக, அடுக்கு மார்பளவுக்கு மேல் உயரவேண்டாம். இரு முனைகளிலும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் அடுக்கு சரியாது. பிள்ளைகள் விளையாடும் வீட்டில் இது முதன்மையான கவனம்.

வைகாசி பிறப்பதற்குள் உலர்ந்த விறகை விறகுப்புரைக்குள்ளோ, மழைச்சாரல் படாத திண்ணைக்கோ மாற்றிவிட வேண்டும். பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, மறுநாள் விறகை அங்கு வைத்திருப்பார்கள். அடுப்பின் சூடே அதைக் காத்தது. இன்று அவ்வாறு செய்வோர் தீப்பொறி எட்டாத உயரத்தைக் கவனிக்க வேண்டும். அடுப்பின் வாயருகே விறகைச் சாத்திவைத்து உறங்கச் செல்வதை அறவே தவிர்க்க வேண்டும்.

எந்த மரம், எந்த மட்டை

இவ்வட்டாரத்தின் முதல் எரிபொருள் தென்னைதான். ஒரு தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றாக மட்டையை உதிர்க்கிறது. ஐந்து மரம் உள்ள வீட்டில் ஆண்டுக்குச் சுமார் 60 மட்டை. ஓலை இரண்டே நாளில் காய்ந்துவிடும். மட்டையின் பருத்த அடிப்பகுதி நீரைப் பிடித்துவைத்திருக்கும். அதை நீளவாக்கில் இரண்டாகக் கீறிப்போட வேண்டும். பாளை விரிந்தபின் எஞ்சும் கொதும்பும், காய்ந்த ஓலையைச் சேர்த்துக் கட்டிய சூட்டும் தீ மூட்டுவதற்கு மிக ஏற்றவை, நின்று எரியமாட்டா. சிரட்டை கடும் வெப்பம் தரும். தொண்டு நின்று கனலும். ஆனால் அதன் நார்த்துகள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை உறிஞ்சக்கூடியது. ஒருமுறை நனைந்த தொண்டு எளிதில் உலராது. அதற்குக் கூரை கட்டாயம்.

விலைக்குக் கிடைப்பது பெரிதும் ரப்பர் மரம். பால் வற்றிய தோட்டங்களை 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்வதால் இது தொடர்ந்து சந்தைக்கு வருகிறது. இம்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டியபின் சில நாட்கள் குவித்துப் போட்டிருந்தாலே நீலம் பாய்ந்ததுபோல் பூசணம் படரும்; வண்டும் துளைக்கும். எனவே வந்த அன்றே பிளந்து அடுக்குவது நலம். புளி, சவுக்கு போன்ற அடர்ந்த மரங்கள் உலர நாள் பிடிக்கும். உலர்ந்தபின் நெடுநேரம் எரியும். முருங்கை, முள்முருக்கு போன்ற மென்மரங்கள் விரைவில் காய்ந்து விரைவில் சாம்பலாகும். வேலியில் அரளி வெட்டினால் அதை விறகோடு சேர்க்கலாகாது. அதன் நச்சு புகையிலும் உண்டு. சாயம் பூசிய பழைய கதவு, பலகைத் துண்டுகளும் அடுப்புக்கு உரியவையல்ல.

உலர்ந்ததை அறிவது எவ்வாறு

கண்ணுக்கும் காதுக்கும் அடையாளங்கள் உண்டு. உலர்ந்த கட்டையின் முனையில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்புகள் ஓடும், பட்டை கழன்று வரும், நிறம் மங்கும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் ஈரவிறகு மந்தமாகவும், உலர்ந்தது கணீரென்றும் ஒலிக்கும். மின்கலத்தில் இயங்கும் சிறு ஈரமானிகளும் இப்போது கிடைக்கின்றன. கட்டையை அப்போதே பிளந்து, உள்முகத்தில் வைத்து அளந்தாலன்றி அவை காட்டும் எண்ணை நம்பலாகாது. புறத்தோல் முதலில் காய்ந்துவிடும்.

இவற்றினும் உறுதியான வழி தராசு. எங்கள் வீட்டில் தை முதல் வாரத்தில் அடுக்கும்போது, நடுத்தரப் பருமனுள்ள மூன்று கட்டைகளைத் தேர்ந்து சுண்ணக்கட்டியால் எண்ணிட்டு, எடையை நாட்காட்டியின் பின்புறம் குறித்துவைக்கிறோம். வாரம் ஒருமுறை அவற்றை நிறுத்துப் பார்க்கிறோம். முதல் ஆண்டில் 2 கிலோ 400 கிராம் இருந்த ஒரு ரப்பர்க் கட்டை, மாசி இறுதியில் 1 கிலோ 750 கிராமில் வந்து நின்றது. அடுத்தடுத்த இரு வாரமும் எடை மாறாதபோது, இந்த ஊர்க் காற்று வாங்கக்கூடிய ஈரத்தை வாங்கிவிட்டது என்று அறிந்தோம். அந்த ஒரு கட்டையில் மட்டும் 650 கிராம் நீர் போயிருந்தது. பற்று வரவுக் கணக்கு எழுதிப் பழகிய எவருக்கும் இந்த ஏடு கடினமன்று. ஒரு வேறுபாடு உண்டு: இங்கு இருப்புக் குறையக் குறைய நமக்கு ஆதாயம்.

புகையைச் சுவாசிப்பவர் யார்

வீட்டுக்குள் எரியும் மாசுமிக்க எரிபொருள்களின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இப்புகையில் நெடுநேரம் இருப்பவர்கள் பெண்களும் அவர்களின் இடுப்பிலிருக்கும் குழந்தைகளுமே.

கேரளம் இதை முன்னரே எண்ணிப் பார்த்த மாநிலம். 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், புகையைக் குழாய் வழியே வெளியேற்றி, ஒரே தீயில் இரு கலங்களைச் சூடாக்கும் அடுப்பை வீடுதோறும் கொண்டுசென்றது. 'பரிஷத் அடுப்பு' என்ற பெயர் இன்றும் இங்குள்ள முதியோர் நாவில் இருக்கிறது. மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தை நடுவண் அரசு 1983இல் தொடங்கியது. 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைக் குடும்பங்களின் பெண்கள் பெயரில் எரிவாயு இணைப்பு வழங்கியது. எரிவாயு இருக்குமிடத்தில் அன்றாடச் சமையலுக்கு அதுவே நலம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் விறகு எரியும் வரை, எத்தனை நல்ல அடுப்பாயினும் ஈரவிறகை இட்டால் அது புகையவே செய்யும். ஊதுகுழலை எடுக்க வேண்டியிருக்கிறதென்றால் குறை பெரும்பாலும் அடுப்பில் அன்று, விறகுப்புரையில் இருக்கிறது.

குளிர்நாடுகளில் வீட்டை வெப்பமூட்ட விறகு எரிப்பவர்களும் இதே பாடத்தைக் கற்றவர்கள்தாம். ஈரவிறகின் புகை அங்குப் புகைபோக்கியின் உட்சுவரில் கருங்கீலாகப் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பற்றிக்கொள்ளும். இங்கிலாந்தில் 2021 மே முதல், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது என்பது சட்டம். நம் உதகையிலும் கொடைக்கானலிலும் கணப்பு மூட்டுவோர் இதே அளவை மனத்திற்கொள்வது நல்லது; மூடிய அறையில் கணப்பை எரியவிட்டு உறங்குவது உயிருக்கே தீங்கு.

நமக்குச் சட்டம் வேண்டியதில்லை. தை மாதத்து வெயில் போதும். வாங்குவதாயின் மழைக்கு முன் வாங்காமல், வெயிலுக்கு முன் வாங்குவோம். எடைக்கு வாங்கும்போது ஒரு கட்டையைப் பிளக்கச் சொல்லி உள்முகத்தைத் தொட்டுப் பார்ப்போம். பச்சை விறகாயின் அதன் நீருக்குரிய விலையைக் குறைத்துக் கேட்போம்.

எங்கள் பெரியம்மா இப்போதும் ஆண்டுதோறும் ஆற்றுக்காலுக்குப் பொங்காலையிடச் செல்கிறார். முந்திய மாலையில் அடுக்கின் மேல்வரிசையிலிருந்து நான்கு பிளவு, இரண்டு கொதும்பு, ஒரு சூட்டு என்று எடுத்துத் தென்னங்கயிற்றால் கட்டிக்கொள்கிறார். கட்டுமுன் ஒரு கட்டையை மற்றொன்றில் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பது அவர் வழக்கம். சென்ற மாசியில் பக்கத்து அடுப்பில் புகைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அக்கட்டிலிருந்து இரண்டு பிளவுகளைக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். இருவர் கலமும் பொங்கப் போதுமான விறகு அதில் இருந்ததாம்.